சேர்வராயன் மலையும் சர்க்கார் உத்தியோகமும்

நமது சங்கத்து அன்பர்களின் இல்லங்களில் பெண்ணுக்கு வரன் பார்க்கும்போதும், பிள்ளைக்குப் படிப்புத் தேரும்போதும் முதலிற் பிறக்கும் கேள்வி, "சர்க்கார் உத்தியோகந்தானா?" என்பதே. சம்பளம் எவ்வளவு என்பது அதற்குப் பின்னரே வரும். ஒருமுறை கிடைத்துவிட்டால் மயிர் நரைக்குமளவும் எவராலும் அசைக்கவொண்ணாதது அவ்வுத்தியோகம் என்னும் நம்பிக்கை நம்மவருள் அத்துணை ஆழமாக வேரூன்றியிருக்கின்றது. 2024-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்திய நான்காந் தொகுதித் தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. தேர்வெழுதினோர் 15 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுள் நம் வீட்டுப் பிள்ளைகளும் இருந்தனர். இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரித்திரத்துக்கு ஒத்தது என்பதை நம் சேலம் ஜில்லாவையும், அதன் தலைமேல் முடிபோல் நிற்கும் சேர்வராயன் மலையையும் கொண்டு ஆராய்வதே இவ்வியாசத்தின் நோக்கம்.

1792-ஆம் வருஷத்து ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாரமகாலும் சேலம் சீமையும் திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார் வசமாயின. ஆளவந்தோருக்கு இந்நாட்டு மொழி தெரியாது, நிலக்கணக்கும் தெரியாது. சென்னையிலிருந்த சிவில் உத்தியோகஸ்தரிடம் மொழியறிவு போதாதென்று கண்ட கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ், இராணுவத்தவராகிய அலெக்ஸாண்டர் ரீடு என்பவரை இச்சீமையின் நிர்வாகத்துக்கு நியமித்தார். அவருக்கு உதவியாக வந்த இராணுவ உத்தியோகஸ்தருள் ஒருவரே பிற்காலத்தில் சென்னைக் கவர்னராக விளங்கிய தாமஸ் மன்றோ. இவர்கள் எத்துணை ஊக்கமுடையவராயினும், கண்ணாகவும் காதாகவும் கொண்டது சுதேசிகளாகிய சிரஸ்ததார், தாசில்தார், குமாஸ்தா, ஊர்க்கணக்கர் ஆகியோரையே. நம் நாட்டில் இன்று சர்க்கார் ஆபீசு என்று வழங்கும் ஸ்தாபனத்தின் பிறப்பு அங்கேதான். தாசில், ஜமாபந்தி, டபேதார் என்னும் சொற்கள் இன்னும் நம் நாவில் நிற்பது அதன் அடையாளம்.

அக்காலத்துக் கச்சேரியில் நிலைபேறு என்பது சட்டத்தில் இல்லை, தயவில் இருந்தது. துரை மாறினால் சிரஸ்ததார் மாறுவதும், சிரஸ்ததார் மாறினால் அவர் கொண்டுவந்து வைத்த உறவுக்கூட்டம் கலைவதும் புதுமையல்ல. அங்கே உமேதுவார் என்றொரு வகுப்பார் இருந்தனர். உமேது என்பது பாரசீகத்தில் நம்பிக்கை என்று பொருள்படும். பெயருக்கேற்ப அவர்கள் நம்பிக்கையை மட்டுமே உண்டு வாழ்ந்தவர்கள். சம்பளமில்லை; சன்னதில்லை; விடியற்காலையில் வந்து, நகலெழுதி, கணக்குக் கூட்டி, மையுங் கரைத்து, எந்தக் குமாஸ்தா நோய்ப்படுவார், எவர் விலகுவார் என்று வருஷக்கணக்காகக் காத்திருப்பார்கள். அவ்வாறு காத்திருப்பவனுக்கு வேலையில் திறமை ஒரு பங்கு வேண்டுமெனின், மேலவர் மனத்தை அறிந்து நடக்குந் திறமை மூன்று பங்கு வேண்டும். ஏனெனின், இடம் காலியானால் அதைத் தருவது விதியன்று, ஒரு மனிதரின் வாய்ச்சொல். வீட்டில் மூன்று வேளைச் சோறு உள்ளவனுக்கன்றி ஏழைக் குடியானவன் மகனுக்கு இந்த உமேதுவாரி கட்டுமோ? ஆகவே முன்னரே உத்தியோகத்திலிருந்த குடும்பங்களே மீண்டும் மீண்டும் உத்தியோகத்தில் அமர்ந்தன. இதை ஒரு குலத்தின் குற்றமாகச் சிலர் பேசுவதுண்டு. எமக்கு அது உடன்பாடன்று. தயவினால் கிடைப்பது உறவினர்க்கே முதலில் கிடைக்கும் என்பது எக்குலத்துக்கும் பொதுவான இயல்பு.

இதன் விளைவு அண்டை ஜில்லாவாகிய கோயம்புத்தூரில் வெளிப்பட்டது. அங்கே கஜானா உத்தியோகஸ்தர் ஒருவர் தம் ஆட்களைக் கச்சேரியெங்கும் நிரப்பி, கலெக்டரையே தம் கைப்பாவையாக்கிச் சர்க்கார் பணத்தைக் கையாண்ட செய்தியை விசாரிக்க மன்றோவே செல்ல நேர்ந்தது. குண்டூரில் நிகழ்ந்த இதனினும் பெரிய சீர்கேட்டை 1846-இல் வால்டர் எலியட் தம் அறிக்கையில் வெளிப்படுத்தினார். பின்னர் 1854-இல் ரெவினியூ போர்டார் ஒரு நிரந்தர உத்தரவு பிறப்பித்தனர். ஜில்லாவின் கீழ் உத்தியோகங்கள் செல்வாக்குள்ள சில குடும்பத்தாரின் ஏகபோகமாகாதபடி கலெக்டர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும், முக்கியமான உத்தியோகங்களைப் பல சாதியார்க்கும் பகிர்ந்தளிக்க முயலவேண்டும் என்றும் அவ்வுத்தரவு கூறியது. நம்முடையதைப் போன்ற சங்கங்கள் அரைநூற்றாண்டுக்குப் பின் எழுதிய விண்ணப்பங்களிலெல்லாம் இவ்வுத்தரவின் எதிரொலி கேட்கும்.

அடுத்த வருஷமே, அதாவது 1855-இல், சென்னைச் சித்திரவதை விசாரணைக் கமிஷனின் அறிக்கை வெளிவந்தது. வரி வசூலிப்பதற்காகக் குடிகளின் விரல்களைக் கிட்டியில் நெரித்ததும், கழுத்தையுங் காலையுஞ் சேர்த்துக் கட்டி அநந்தாள் என்னும் தண்டனையாக வெயிலில் நிறுத்தியதும் உண்மையென்று அது ஒப்புக்கொண்டது. அந்தக் கொடுமையைக் கையாற் செய்தவர்கள் பெரும்பாலும் அற்பச் சம்பளத்துச் சேவகர்கள். வசூல் குறைந்தால் தன் வேலை போகும் என்று அஞ்சினவன் பிறன் விரலை நெரித்தான். 1859-இல் போலீஸ் சட்டம் இயற்றப்பட்டு ரெவினியூ வேறு, போலீஸ் வேறு எனப் பிரிக்கப்பட்டது இதன் பின்னரே.

இனி மலைமேல் ஏறுவோம். வண்டிப்பாதை ஏற்படுமுன் மட்டக்குதிரையிலும் டோலியிலுமே ஏற்காட்டுக்கு ஏறினர். 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராயிருந்த எம். டி. காக்பர்ன் என்பவர் இம்மலையில் கிரேஞ்சு என்னும் மாளிகையமைத்து, காப்பிச் செடியையும் பேரி, ஆப்பிள் முதலிய பழமரங்களையும் கொணர்ந்து வைத்தார் என்பர். கலெக்டரின் கடமை வரி வசூலும் நியாய பரிபாலனமும் ஆகும். காப்பிச் செடி வைக்கும்படி எந்த உத்தரவும் அவருக்கு இல்லை. ஒன்பது வருஷம் ஒரே ஜில்லாவில் அசையாமல் இருந்தமையால் தாம் வைத்த செடி காய்ப்பதைப் பார்க்கும் பேறு அவருக்கு வாய்த்தது. வருஷத்துக்கொரு மாறுதல் என்றிருந்தால் அவர் கன்று நட்டிருப்பாரோ?

அதே காலத்தில் சேலத்தில் கும்பினியின் வர்த்தக அதிகாரியாயிருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவரோ எதிர்வழி சென்றார். கஞ்சமலை முதலிய குன்றுகளின் இரும்புக்கல் அவர் மனத்தைக் கவர்ந்தது. உத்தியோகத்தை விட்டார், 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவினார், கடனில் அமிழ்ந்தார். இங்கிலாந்து சென்று உருக்குச் செய்யும் முறைக்குப் பெற்ற உரிமைச் சாசனமும் வழக்கிற் சிக்கி, 1851-இல் பயனொன்றுங் காணாதவராகவே மாண்டார். அவர் கண்ட முறையினால் ஷெபீல்டு நகரத்து ஆலைக்காரர் செல்வரானார்கள். நிலையான உத்தியோகத்தை உதறுவோன் வெற்றி பெறுவான் என்று மேடைகளிற் பேசுவோர் ஹீத்தின் கதையையும் சேர்த்துச் சொல்லுவாராக.

உத்தியோகத்தின் நிலைபேறு ஒரு மனிதனிடம் எதை விளைவிக்கக்கூடும் என்பதற்கு ஏற்காட்டிலேயே மற்றோர் அடையாளம் உண்டு. அங்குள்ள ஹோலி டிரினிடி தேவாலயத்தில் ராபர்ட் புரூஸ் புட் என்பவரின் நினைவிடம் இருக்கின்றது. 1858-இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையிற் சேர்ந்த இவர், 1863-ஆம் வருஷம் மே மாதம் 30-ஆம் தேதி சென்னையை அடுத்த பல்லாவரத்தில் பழைய கற்காலத்துக் கருவியொன்றைக் கண்டெடுத்தார். இந்நாட்டில் மனிதன் எத்துணைப் பழமையானவன் என்னும் ஆராய்ச்சி அன்று தொடங்கியது. அவருக்குச் சம்பளம் கொடுக்கப்பட்டது பாறைகளை அளந்து படம் வரைவதற்கே. கற்கருவிகள் பொறுக்கியது அவர் தாமாக மேற்கொண்ட பணி. முப்பத்துமூன்று வருஷம் சேவித்து 1891-இல் ஓய்வு பெற்றபின் பரோடா சமஸ்தானத்திலும் நிலவியல் பணியாற்றினார். ஏற்காட்டில் வீடமைத்து வாழ்ந்தார். யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் தமிழ்ப்பணி புரிந்த பெர்சிவல் பாதிரியார் இவருடைய மாமனார். அவரும் 1882-இல் இம்மலையிலேயே காலமானார். புட் வாழ்நாளெல்லாம் சேர்த்த கருவிகளை 1904-இல் சென்னை மியூசியம் வாங்கிக்கொண்டது. 1912-இல் அவர் இறந்த பின்னரே அவற்றின் விவரப் புத்தகங்கள் வெளிவந்தன.

ஆனால் அதே துறையில் வேறொருவர் கதையையும் மறைத்தல் நேர்மையாகாது. வங்காளத்தைச் சேர்ந்த பி. என். போஸ் 1880-இல் அத்துறையின் உயர்படியில் அமர்ந்த முதல் இந்தியர். 1903-இல் தலைமைப் பதவி காலியானபோது அவரினும் சேவையில் பத்து வருஷம் இளையவரான ஹாலந்து என்னும் ஆங்கிலேயருக்கு அது வழங்கப்பட்டது. போஸ் விலகினார். மறுவருஷம் மயூர்பஞ்சு சமஸ்தானத்தின் இரும்புக்கல் வளத்தைக் குறித்து அவர் ஜே. என். டாட்டாவுக்கு எழுதிய கடிதமே ஜம்ஷெட்பூர் உருக்காலைக்கு வித்தாயிற்று. அவரை எவரும் வேலையினின்று நீக்கவில்லை. இருக்கையில் இருக்கவிட்டு, மேலே செல்லும் வழியை மட்டும் அடைத்தார்கள். ஆபீசுகளிலுள்ள நம் அங்கத்தினர் பலருக்கு இஃது அயலான செய்தியன்று.

தயவின் ஆட்சி குறைந்து விதியின் ஆட்சி சென்னை மாகாணத்தில் மெல்ல மெல்லவே வந்தது. 1921-இலும் பின்னர் 1928-இலும் பிறந்த வகுப்புவாரி உத்தரவுகளும், 1924-இல் ஏற்பட்ட உத்தியோகத் தேர்வுக் குழுவும், 1929-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அமைந்த சென்னைச் சர்வீஸ் கமிஷனும் இதன் படிகள். மாகாணங்களுள் இத்தகைய கமிஷனை முதலில் கண்டது சென்னையே. இவற்றைப் பலர் விரிவாக எழுதியிருத்தலின் இங்கே விடுகின்றோம்.

யாம் நின்று பேச விரும்புவது கிராம உத்தியோகத்தைக் குறித்து. தயவினும் வலிதாகக் காணப்பட்டது பிறப்பு. சேர்வராயன் மலையில் மலையாளி என வழங்கும் மலைக்குடிகள் சேலநாடு, மோகநாடு, முட்டநாடு என மூன்று நாடுகளாகப் பிரிந்து, பட்டக்காரர், மூப்பர் முதலிய பரம்பரைத் தலைவர்களின் கீழ் வாழ்ந்தனர். மலையடிவாரத்து ஊர்களிலோ மணியக்காரர், கர்ணம், தலையாரி, வெட்டி என்பார் தலைமுறை தலைமுறையாக அவ்வப் பணிகளைச் செய்துவந்தனர். 1895-ஆம் வருஷத்துச் சட்டம் அப்பரம்பரை உரிமையை எழுத்தில் உறுதிப்படுத்தியது. கலெக்டர் வருவார், போவார், கர்ணம் போகமாட்டார். எந்தச் சர்வே எண்ணில் எவருக்குப் பாத்தியம், எந்தக் கிணற்றில் எத்தனை பங்கு என்பது அவர் வீட்டுப் பெட்டியில் இருந்தது. சம்பளம் மிகச் சிறிது, மரியாதையோ பெரிது. அந்தப் பெட்டி தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது. படியாத மகனுக்கும் வந்தது. அதுவே அதன் குறை. ஆனால் கணக்கு ஞாபகத்தில் அவர்களை மிஞ்சினவர் அரியர் என்பதையும் சொல்லவேண்டும். ஊரார் அவரைக் கண்டு பயந்ததும் அவரிடமே ஓடினதும் இவ்விரண்டு காரணம்பற்றியே.

இந்திய அரசியலமைப்பு 1950-இல் வந்தபோது, பிறப்பை முன்னிட்டு உத்தியோகத்தில் எவரையும் விலக்கலாகாது என்னும் அதன் 16-ஆம் பிரிவு இப்பரம்பரையின் வேரை அறுத்தது. ஆந்திரத்தின் கிராம முன்சீப் பதவியொன்றைக் குறித்த வழக்கில், 1895-ஆம் வருஷத்துச் சட்டத்தின் பரம்பரைப் பாத்தியம் செல்லாதென 1960-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஆயினும் தமிழ்நாட்டில் இருந்தவர்கள் இருந்தபடியே இருந்தனர். பின்னர் 1980-ஆம் வருஷம் நவம்பர் மாதம் எம். ஜி. இராமச்சந்திரன் அவர்களின் சர்க்கார் ஓர் அவசரச் சட்டம் பிறப்பித்தது. ஓரிரவில் தமிழ்நாடெங்கும் பகுதிநேரக் கிராம உத்தியோகங்கள் யாவும் ஒழிந்தன. இருபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் காலையில் எழுந்தபோது மணியக்காரருமல்லர், கர்ணமுமல்லர். அவர்கள் தொடுத்த வழக்கில், பதவியையே ஒழிப்பது ஒருவரை நீக்குவதாகாது, அதற்கு விசாரணை வேண்டுவதில்லை என்று 1982-இல் சுப்ரீம் கோர்ட்டு முடிவு கூறியது. தகுதிப்படிப்பு உள்ளவர்களைப் பரிசீலித்துப் புதிய இடங்களில் அமர்த்த வழி செய்யப்பட்டதெனினும், வயது முதிர்ந்தோர் பலருக்கு அது பயன்படவில்லை. அவர்களிடத்தில் கிராம நிர்வாக அலுவலர் என்னும் முழுநேர உத்தியோகஸ்தர், தேர்வெழுதி, எக்குலத்தினின்றும் வந்தனர். பெண்களும் வந்தனர். நூறு தலைமுறைக்கும் அசையாதென்று எண்ணப்பட்டதன் ஆயுள் ஓர் அவசரச் சட்டத்தின் நீளமே இருந்தது.

எனின், விதியினால் வந்த உத்தியோகமாவது உறுதியானதோ? கும்பினி நாள்முதல் உத்தியோகஸ்தர் அனைவரும் அரசரின் விருப்பமுள்ளவரை மட்டுமே பதவி வகிப்பவர் என்பது ஆங்கிலேயர் சட்டத்தின் அடிப்படை. சென்னைச் சர்க்கார் அச்சுக்கூடத்தில் பிழைதிருத்துவோராயிருந்த வேங்கடராவ் என்பவர், பரீட்சைக் கேள்வித்தாள் வெளிப்பட்டதென்னுஞ் சந்தேகத்தில் நீக்கப்பட்டார். விதிப்படியான விசாரணை நடக்கவில்லை என்று அவர் பிரிவி கவுன்சில் வரை சென்றார். விதிகள் மீறப்பட்டது மெய்யாயினும் அதற்காக வழக்குத் தொடுக்கும் உரிமை அவருக்கில்லை என்பதே 1937-இல் கிடைத்த தீர்ப்பு. அதே வருஷம் சென்னை மாகாணப் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் வழக்கில், நியமித்தவரினும் தாழ்ந்த அதிகாரி ஒருவரை நீக்கினால் அது செல்லாது என்றும் தீர்ப்பாயிற்று. சுதந்திர இந்தியாவின் அரசியலமைப்பில் 311-ஆம் பிரிவு இவ்விரண்டுக்கும் மருந்தாக வந்தது: நியமித்தவரினும் தாழ்ந்தவர் நீக்கலாகாது, குற்றத்தை எடுத்துக்கூறி, மறுமொழி கேட்டு விசாரித்தாலன்றி எவரும் நீக்கலாகாது. நம்மவர் சாசுவதம் என்று கூறுவது உண்மையில் இந்த ஒரு பிரிவையே. ஆனால் விசாரணை இயலாதென்று அதிகாரிகள் காரணம் எழுதிவைத்தால் விசாரணையின்றியும் நீக்கலாம் என்பது முதலான விலக்குகள் அப்பிரிவிலேயே உண்டு.

அந்தச் சுவர் எவ்வளவு மெல்லியது என்பதை 2003-ஆம் வருஷம் ஜூலை மாதம் காட்டியது. உபகாரச் சம்பளம் முதலிய சலுகைகள் குறைக்கப்பட்டதை எதிர்த்துத் தமிழ்நாட்டு அரசு ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தம் செய்தனர். ஜெயலலிதா அவர்களின் சர்க்கார், இன்றியமையாப் பணிகள் சட்டத்தைக் கொண்டும் அதற்கு மேலாக ஓர் அவசரச் சட்டத்தைக் கொண்டும் ஏறக்குறைய 1,70,000 பேரை விசாரணையின்றி நீக்கியது. ஆகஸ்டு 6-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு, வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியர்க்குச் சட்டத்தாலோ நீதியாலோ உரிமையில்லை என்றது; ஆயினும், மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதித் தந்தவர்களைத் திரும்பச் சேர்க்கச் சர்க்கார் இசைந்ததைப் பதிவு செய்து, சில ஆயிரவர் விஷயத்தை மட்டும் ஓய்வுபெற்ற நீதிபதிகளின் பரிசீலனைக்கு விட்டது. எமது உறவினர் ஒருவர் அந்நீக்கத்தில் அகப்பட்டவர். இருபத்திரண்டு வருஷம் ஒருநாளும் தாமதமாகச் செல்லாதவர். அவ்வோர் மாதமும் காலையில் வழக்கம்போல் குளித்து, திருநீறு பூசி, உணவு கட்டிக்கொண்டு வெளியே செல்வார், மாலையில் திரும்புவார். எங்கே சென்றார் என்று அவர் மனையாள் கேட்கவில்லை. பிற்பாடு வேலை மீண்டது. ஆனால் மேலதிகாரி முன் நிற்கும்போது அவருடைய குரல் முன்போல் இல்லை என்று அவரே எம்மிடம் சொன்னார். அவ்வருஷம் ஏப்ரல் 1-ஆம் தேதி முதல் உத்தியோகத்தில் சேர்ந்தவர்க்குப் பழைய உபகாரச் சம்பள முறை இல்லை என்பதும் விதியாயிற்று.

2006-இல் கர்நாடகத்து உமாதேவி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, முறைப்படி தேர்வு பெறாமல் தற்காலிகமாகச் சேர்ந்தவர் எத்தனை வருஷம் உழைத்தாலும் நிரந்தரம் கேட்க உரிமையுடையவரல்லர் என்று கூறியது. பின்வாசல் வழியாக நுழைவதைத் தடுக்கும் அத்தீர்ப்பு நியாயமானதே. ஆனால் வாசல்கள் யாவற்றையும் பின்வாசலாகவே வைத்துக்கொண்ட ஆபீசுகளுக்கு அது என்ன தண்டனை விதித்தது? தொகுப்பூதியம் என்றும் ஒப்பந்தம் என்றும் பெயரிட்டு, நிரந்தர வேலையை நிரந்தரமில்லாத ஆட்களைக் கொண்டு செய்யும் முறை பரவியது. பழைய உமேதுவார் புதிய பெயரில் திரும்பி வந்திருக்கின்றார். முன்னவருக்குச் சம்பளமே இல்லை, இவருக்குச் சிறிதுண்டு, அவ்வளவே வேற்றுமை.

வைகாசித் திருவிழாவொன்றுக்குச் சேர்வராயன் கோயிலுக்குச் சென்று இறங்கும் வழியில், சர்க்கார் சார்ந்த ஒரு தோட்டத்தில் வேலைசெய்யும் மலைக்குடி இளைஞர் ஒருவருடன் பேச நேர்ந்தது. பதினொரு வருஷமாக அங்கே செடி வளர்க்கின்றார். எந்தக் கொடி எந்த மாதத்திற் பூக்கும் என்று அவர் விரல்விட்டுச் சொன்னதைக் கேட்டு எம்முடன் வந்த தாவர நூல் ஆசிரியர் குறிப்பெழுதிக்கொண்டார். "இங்கே நிரந்தரமா, தம்பி?" என்று கேட்டோம். அவர் சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளொன்றை எடுத்துக் காட்டினார். ஆறுமாதத்துக்கான ஆணை, அது முடிய இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. "அடுத்ததும் வரும் ஐயா, இதுவரைக்கும் வந்துகொண்டுதான் இருக்கிறது" என்று கூறி, அதை முன்போல் மடித்து வைத்துக்கொண்டு, மண்சட்டிகளுக்கு நீர் வார்க்கச் சென்றார்.